கறுப்பு எத்தனை வகை

மூன்று பேருக்கு ஒரு மானிட்டர்.
பகலில் எனக்கு, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்ட.
இரவு பத்துக்கு மேல் குகனுக்கு,
சுட, சாக, மறுபடி பிறக்க.
ஞாயிறு மதியம் மாமியாருக்கு
பழைய படம், சத்தம் கூட்டி.
பட்ஜெட் இருபத்திரண்டாயிரம்.
அதில் நாலாயிரம் இன்னும் கைக்கு வரவில்லை.

பழைய மானிட்டரில் அரக்குப் பட்டு
காய்ந்த ரத்தமாய்த் தெரியும்.
திருத்திக் கொடுப்பேன்.
வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தவர்கள்
'தக்காளி கலர்ல இருக்கே' என்பார்கள்.
எந்தக் கண்ணை நம்புவதென்று தெரியாமல்
என் முகூர்த்தப் புடவையைத் திரைக்குப் பக்கத்தில்
கொடி கட்டித் தொங்கவிட்டு
வேலை பார்த்த மாதங்கள் உண்டு.

குகனுக்கு நூற்று நாற்பத்து நாலு வேண்டும்.
நொடிக்கு அத்தனை தரம் திரை புதுசாகணுமாம்.
'அறுபதுல, எதிரி கதவைத் திறக்கறது தெரியறதுக்குள்ள
நான் செத்திருப்பேன்.'
எனக்கு இருபத்தைந்தே போதும்.
தாலி முடிகிற விரல்களின் நடுக்கம்
அதிலேயே வந்துவிடும்.
மஞ்சள் மட்டும் மஞ்சளாக இருக்கணும்.

அஸ்தம்பட்டியில் முபாரக் கடை, மாடியில்.
வரிசையாக ஏழு மானிட்டர்.
ஏழிலும் ஒரே கிளி, ஏழு பச்சை.
'கடை வீடியோல எல்லாமே அழகாத்தான்க்கா இருக்கும்'
என்று அவனே சொன்னான்.
பையிலிருந்து பென்டிரைவை எடுத்தேன்.

முதலில் ஏற்காட்டுப் பனி.
கொண்டை ஊசி வளைவில் ஒரு ஜோடியை நிற்க வைத்து
மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்தது.
ஒன்றில் அது பால். ஒன்றில் சாம்பல்.
ஒன்றில் சரியாய்க் கழுவாத வாசல் மாதிரி
வட்டம் வட்டமாய்த் திட்டு.
கடை ஜன்னலில் நிஜ மலை நின்றது,
ஏழில் எதோடும் ஒத்துப்போகாமல்.

அடுத்தது தாரமங்கலம் கல்யாணம், திருத்தாத நகல்.
விடிகாலை முகூர்த்தம். மேடையில் மட்டும்தான் வெளிச்சம்.
தூணுக்குப் பின்னால் வெறும் இருட்டு.
பொண்ணு முகம் எடுப்பாய்த் தெரியட்டும் என்று
அந்த இருட்டை நானே இன்னும் கொஞ்சம் கூட்டி
ஆல்பத்தோடு அனுப்பி நாலு மாசம் ஆகிறது.

ஐந்தாவது மானிட்டரில்
இருட்டு அசைந்தது.

முதலில் ஒரு முந்தானை.
பிறகு தூணைப் பிடித்த ஒரு கை.
பொண்ணோட அம்மா.
புருஷன் போய் ஒரு வருஷம் ஆகலை என்று
சாப்பாட்டுப் பந்தியில் யாரோ சொன்னார்கள்.
மேடைக்கு அவளை யாரும் கூப்பிட்ட மாதிரி
என் மூன்று கேமராவிலும் இல்லை.
கெட்டிமேளம்.
எல்லோரும் அட்சதை எறிகிறார்கள்.
அவளும் எறிகிறாள்.
அது தூணைத் தாண்டவில்லை.

'நிறுத்துங்க' என்றேன்.
ஆறாவதில் வேகம் பார்த்துக்கொண்டிருந்த குகன்
'இதுல நிழல் இழுக்கவே இல்ல' என்று ஆரம்பித்தவன்
வந்து என் பக்கத்தில் நின்றான்.
முபாரக் கிளி ஓடிய திரைகளை
ஒவ்வொன்றாக அணைத்தான்.

ஐந்தாவதன் விலை இருபத்தொன்பது ஐநூறு.
வேகம் எழுபத்தைந்துதான்.
குகன் விலைச்சீட்டைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
'செத்தா சாகறேன், விடு' என்றான்.

பன்னிரண்டு மாதத் தவணை.
எக்ஸெல்லில் எங்கள் இருவருக்கும் நடுவே பெட்டி.
நாலு ரோட்டில் தட்டுவடை செட் தின்றபோதும்
அவன் அதைக் கீழே வைக்கவில்லை.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
நான் அதன் காதில் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிறன்று மாமியார்
கதாநாயகன் கழுத்தில் பவுடர் முடிகிற கோட்டைக் கண்டுபிடித்து
படம் முடியும்வரை சிரித்தார்.

அதற்கு முந்தின இரவே
தூண் பக்கத்து இருட்டைக் கொஞ்சம் தூக்கினேன்.
நிறையத் தூக்கினால் புள்ளி புள்ளியாய் இரைச்சல் வரும்.
அவள் கை தெரிகிற அளவுக்கு.

தாரமங்கலத்துக்கு போன் செய்து
'கலர் சரியில்ல, வேற காப்பி தரேன்,
காசு வேண்டாம்' என்றேன்.
அவள்தான் எடுத்திருந்தாள்.
'பொண்ணு ஊருக்கே அனுப்பிரு கண்ணு.
நான் எங்க இருக்கேன் அதுல.'

நாற்பத்திரண்டாவது நிமிஷம், என்றேன்,
இடது ஓரம்.